ஏறிக்கொண்டே போகும் ஜாக்பாட்: ஆடுகிறவர் கையில் எது இருக்கிறது?

சாதாரண ஸ்லாட் மெஷினில் பெரிய பரிசு எவ்வளவு என்பது முன்பே முடிவான தொகை. புரோகிரசிவ் ஜாக்பாட் அப்படியல்ல. ஒவ்வொருவரும் பட்டனைத் தட்டும்போது போட்ட காசில் ஒரு சிறு பங்கு பொதுப் பரிசில் போய்ச் சேரும். யாருக்காவது விழும்வரை தொகை ஏறும். விழுந்ததும் தொடக்கத் தொகைக்கு இறங்கி, மறுபடி ஏறத் தொடங்கும். இந்த வகையில் பெயர் பெற்றது, அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் ஐஜிடி நிறுவனம் 1986இல் தொடங்கிய மெகாபக்ஸ். மாநிலத்தின் பல கேசினோக்களில் உள்ள மெஷின்கள் ஒரே ஜாக்பாட்டுக்குப் பணம் சேர்க்கின்றன. 2003 மார்ச்சில் லாஸ் வேகாஸின் எக்ஸ்காலிபர் கேசினோவில் இருபத்தைந்து வயது இளைஞர் ஒருவருக்கு 3.97 கோடி டாலர் விழுந்தது.

இப்படி ஒரு செய்தி வந்தால் போதும், ஜெயிக்கும் வழி சொல்ல ஆட்கள் கிளம்பிவிடுவார்கள். விடியற்காலையில் ஆடு, ரொம்ப நாளாக விழாத மெஷினாகப் பார்த்து உட்கார், வாசலுக்குப் பக்கத்து மெஷின்தான் கொடுக்கும் என்பார்கள். இவற்றில் ஒன்றுகூட வேலை செய்யாது. மெஷினுக்குள் ஒரு சிப் யாரும் ஆடாத நேரத்திலும் நொடிக்குப் பல நூறு முறை எண்களை மாற்றிக்கொண்டே இருக்கிறது. நீங்கள் பட்டனைத் தட்டிய கணத்தில் எந்த எண் இருந்ததோ, முடிவு அதுதான். அதற்குப் பிறகு சுழலும் சக்கரங்கள் அந்த முடிவைக் காட்டுகின்றன, அவ்வளவுதான். போன முறை என்ன விழுந்தது என்பது தாயக்கட்டைக்கு எப்படித் தெரியாதோ, அப்படியே இந்தச் சிப்புக்கும் தெரியாது. நீங்கள் எழுந்துபோன மெஷினில் அடுத்து உட்கார்ந்தவருக்கு விழுந்துவிட்டால், அது உங்கள் பணம் என்று மனசு கிடந்து அடித்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் அங்கேயே இருந்திருந்தாலும் அதே கணத்தில் தட்டியிருக்க மாட்டீர்கள்.

ஜாக்பாட் சின்னம் வெற்றிக் கோட்டுக்கு ஒரு படி மேலே வந்து நிற்பது இன்னும் மோசமான ஏமாற்றம். இதன் பின்னால் டெல்னாஸ் (Inge Telnaes) என்பவர் 1984இல் பெற்ற காப்புரிமை இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் சக்கரத்தில் இருபத்துச் சொச்சம் இடங்கள்தான். முடிவைத் தீர்மானிக்கும், கணினிக்குள் இருக்கும் சக்கரத்திலோ நூற்றுக்கணக்கான இடங்களை வைக்கலாம். அதில் ஜாக்பாட் சின்னத்துக்கு ஒரே ஓர் இடமும், அதை ஒட்டிய வெற்றிடங்களுக்குப் பல இடங்களும் ஒதுக்கலாம். அதனால் சின்னம் கோட்டுக்கு மேலோ கீழோ அடிக்கடி வந்து நிற்கும். ‘மயிரிழையில் போச்சே’ என்று தோன்றும். உண்மையில் நீங்கள் நெருங்கவே இல்லை.

இனி கணக்கு. மெகாபக்ஸ் ஜாக்பாட் விழும் வாய்ப்பு ஏறத்தாழ 5 கோடியில் ஒன்று எனக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு சுற்றுக்கு முழுப் பந்தயம் 3 டாலர். தொகை 1 கோடி டாலராக இருக்கும்போது, அந்த 3 டாலரில் ஜாக்பாட்டின் சராசரி மதிப்பு வெறும் 20 சென்ட். 2003இல் விழுந்த அளவுக்கு ஏறினாலும் 80 சென்ட்டைத் தொடாது. ஆறு நொடிக்கு ஒரு சுற்று என்று ஆடினால் மணிக்கு 600 சுற்று, 1,800 டாலர் பந்தயம். இதே வேகத்தில் தூங்காமல் ஆடினாலும் 5 கோடி சுற்றை முடிக்க ஒன்பதரை ஆண்டு ஆகும். தொகை பெரிதாக இருக்கும்போது ஆடுவது சின்னதாக இருக்கும்போது ஆடுவதைவிட மேல் என்பது உண்மைதான். ஆனால் ஏறுவது பரிசின் மதிப்பு மட்டுமே; வாய்ப்பு இம்மியளவும் கூடாது.

அப்படியானால் ஆடுகிறவர் கையில் என்னதான் இருக்கிறது? முதலாவது, பந்தய அளவு. மெகாபக்ஸில் மூன்று டாலரும் முழுதாகப் போடாதவருக்கு ஜாக்பாட் சின்னங்கள் வரிசையாக வந்தாலும் ஜாக்பாட் கிடையாது. எல்லா மெஷினிலும் இதே விதி இல்லை, ஆகவே உட்காரும் முன் மெஷினில் எழுதியிருப்பதைப் படித்தே ஆக வேண்டும். முழுப் பந்தயம் கட்ட முடியாதென்றால் புரோகிரசிவ் பக்கமே போகாமல் சாதாரண மெஷினைத் தேடுவது நல்லது. இல்லாவிட்டால் தனக்குக் கிடைக்கவே முடியாத பரிசுக்காக ஆடுவதாகிவிடும். இரண்டாவது, வேகம். ஒரு மணி நேரத்தில் 600 சுற்று ஆடுகிறவர் 200 சுற்றோடு நிறுத்தினால், சராசரி இழப்பும் மூன்றில் ஒன்றாகக் குறையும். எனக்குத் தெரிந்து உண்மையிலேயே பணத்தை மிச்சப்படுத்தும் ஒரே உத்தி இதுதான். யாரும் சொல்லித் தராததும் இதுவே.

ஒரு விதிவிலக்கு உண்டு. ‘500 டாலரைத் தொடுவதற்குள் கட்டாயம் விழும்’ என்று உச்சவரம்பு எழுதிய சிறு ஜாக்பாட் மெஷின்கள் சில இருக்கின்றன. தொகை 498, 499 என்று நெருங்கும்போது கணக்கு ஆடுகிறவர் பக்கம் சாயலாம். இதை அறிந்து, மெஷின் மெஷினாக எண்களைப் பார்த்துக்கொண்டே சுற்றும் தொழில்முறை ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள். எப்போதாவது சுற்றுலா போகிறவர் இந்தத் தருணத்தில் அந்த மெஷின் முன்னால் இருப்பது அபூர்வம்.

விழுந்தாலும் பலகையில் தெரிந்த தொகை அப்படியே கைக்கு வராது. மெகாபக்ஸ் பரிசை 25 ஆண்டுத் தவணையாகத் தருகிறார்கள். மொத்தமாகக் கேட்டால் வெகுவாகக் குறைத்துத் தருவார்கள். வென்றவர் இந்தியாவிலிருந்து சுற்றுலா போனவரென்றால், அமெரிக்க வரியாக 30 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டுதான் மீதியைக் கொடுப்பார்கள்.