மீன்தொட்டியில் படரும் பச்சைப் படலம்

எமது பகுதிகளில் அலங்கார மீன் வளர்த்துச் சிறு வருமானம் தேடும் பெண்கள் இருக்கிறார்கள். முற்றத்தில் ஒரு சீமெந்துத் தொட்டியும் விறாந்தையில் ஒரு கண்ணாடித் தொட்டியும் இருந்தால் தொடங்கிவிடலாம். பிள்ளைகளையோ நோயாளியையோ விட்டுவிட்டு வேலைக்குப் போக முடியாதவர்களுக்கு இது ஏற்ற தொழில். ஆனால் வளர்ப்பவர்களை அலுக்கச் செய்யும் ஒரு தொல்லையும் இதில் உண்டு. எத்தனை தரம் சுரண்டி எடுத்தாலும் திரும்பத் திரும்பப் படரும் பச்சைப் படலம்தான் அது.

2010 ஆம் ஆண்டு ஊர் திரும்பிய பின்னர், இரண்டு அடி நீளத் தொட்டி ஒன்றில் கப்பி மீன்களை வளர்க்கத் தொடங்கினேன். குஞ்சுகளை விற்ற காசு மகளின் கொப்பிகளுக்கும் பேருந்துச் செலவுக்கும் உதவியது. ஒருநாள் மணலின் மேல் உள்ளங்கையளவு கரும்பச்சைப் படலம் தெரிந்தது. ஒரு கிழமைக்குள் அது செடிகளையும் கற்களையும் போர்த்துவிட்டது. நான் மீன்களை வாளியில் விட்டு, தொட்டி, மணல், வடிகட்டி எல்லாவற்றையும் சவர்க்காரத் தூள் போட்டுத் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்தேன். அன்று மாலையே புதுத் தண்ணீர் நிரப்பி மீன்களை விட்டேன். நாலு நாளில் நாற்பது மீன்களில் பதினொன்றுதான் மிஞ்சின. மாதம் முடியமுன் படலமும் திரும்பி வந்துவிட்டது.

பிறகு மீன்வளர்ப்புப் பயிற்சி ஒன்றுக்குப் போனபோதுதான் என் பிழை விளங்கியது. நான் பாசி என்று நினைத்தது பாசியே இல்லை.

இது என்ன?

பாடப்புத்தகங்களில் நீலப்பச்சை அல்கா என்று படித்திருப்போம். பெயரில் அல்கா இருந்தாலும் இது ஒரு பற்றீரியா. சயனோபற்றீரியா என்பது அதன் பெயர். தாவரங்களைப் போல ஒளியைக் கொண்டு உணவு தயாரிப்பதால் பச்சையாகத் தெரிகிறது. ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் இந்தப் பூமியின் காற்றில் ஒட்சிசன் சேரத் தொடங்கியது இதன் முன்னோரால்தான். இதன் சில இனங்கள் காற்றிலுள்ள நைதரசனையே எடுத்து வாழக்கூடியவை. இலேசில் அழியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

அடையாளம் காண்பது சுலபம். விரலால் தொட்டால் வழுவழுப்பாக இருக்கும். தோல் உரிவதுபோலத் தகடு தகடாகக் கழன்று வரும். முகர்ந்தால் சேற்று நாற்றம் அடிக்கும். உண்மையான பச்சைப் பாசி நூல்போல நீண்டிருக்கும், அல்லது கண்ணாடியில் இறுகிய புள்ளிகளாக ஒட்டியிருக்கும். புதுத் தொட்டியில் வரும் மண்ணிறத் தூள் வேறு வகை. அது பெரும்பாலும் சில கிழமைகளில் தானாகவே குறைந்துவிடும்.

ஏன் வருகிறது?

மிஞ்சிய தீனும் மீன்களின் கழிவும் மணலில் தங்குவது, தண்ணீர் ஓடாமல் மூலைகளில் தேங்குவது, நீண்ட நேர வெளிச்சம் அல்லது நேர் வெயில், மாதக்கணக்கில் தண்ணீர் மாற்றாமை ஆகியவையே முக்கிய காரணங்கள். இவை இருக்கும்வரை எத்தனை தரம் சுரண்டினாலும் படலம் வரும்.

நீக்கும் முறை

முதலில் ஒரு இறப்பர்க் குழாயால் தண்ணீரை வாளிக்குள் இழுத்துவிட்டு, அதன் வாயைப் படலத்தின் அருகே பிடியுங்கள். பழைய பல்துலக்கியால் மெல்லத் தள்ளினால் படலம் தண்ணீரோடு சேர்ந்து வெளியே போகும். குழாய் இல்லாமல் சுரண்டினால் துண்டுகள் தொட்டி முழுவதும் பரவும். குழாயில் வாய் வைத்து உறிஞ்ச வேண்டாம். குழாயைத் தண்ணீரால் நிரப்பி, இரு முனைகளையும் விரலால் அடைத்து, ஒரு முனையைத் தொட்டிக்குள்ளும் மற்றதைக் கீழேயுள்ள வாளியிலும் வைத்துத் திறந்தால் தண்ணீர் ஓடும்.

இப்படி மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் விடுங்கள். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் என்றால் ஒரு நாள் திறந்த வாளியில் வைத்த பின்னரே ஊற்ற வேண்டும்.

அடுத்து, மின்குமிழை அணைத்துவிட்டு, தடித்த கறுப்புத் துணியால் தொட்டியை மூன்று முழு நாட்கள் மூடிவையுங்கள். ஒளி இல்லாவிட்டால் படலம் வாடும். இடையில் திறந்து பார்க்கக் கூடாது. வளர்ந்த, சுகமான மீன்கள் மூன்று நாட்கள் தீன் இல்லாமல் இருக்கும். குஞ்சுகளை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்றித் தீன் போடுங்கள். படலம் அழுகும்போது தண்ணீரிலுள்ள ஒட்சிசன் குறையும். ஆகவே காற்று விடும் மோட்டர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மின்சாரம் நின்றால் துணியின் ஒரு ஓரத்தை மட்டும் தூக்கி, தண்ணீரைக் குவளையால் மொண்டு சற்று உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருங்கள்.

நாலாம் நாள் துணியை எடுத்து, செத்த படலத்தை உறிஞ்சி அகற்றி, மீண்டும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். மிச்சம் இருந்தால் இரண்டு கிழமை விட்டுத் திரும்பவும் செய்யலாம்.

செய்யக் கூடாதவை

சவர்க்காரம் வேண்டவே வேண்டாம். அதன் எச்சம் மீனுக்கு நஞ்சு. அத்துடன் மணலிலும் வடிகட்டியிலும் நல்ல பற்றீரியாக்கள் வாழ்கின்றன. மீன்களின் கழிவிலிருந்து உண்டாகும் அமோனியாவை மாற்றித் தண்ணீரைக் காப்பவை அவையே. நான் அவற்றையும் சேர்த்துக் கழுவி ஊற்றியதால்தான் மீன்கள் செத்தன. வடிகட்டியின் பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசிப் பிழிந்தால் போதும்.

நுண்ணுயிர்கொல்லி மாத்திரைகளைக் கரைத்து விடுவோரும் உண்டு. அது நல்ல பற்றீரியாக்களையும் பாதிக்கலாம். மருந்துக்கு அடங்காத கிருமிகள் உருவாகவும் வழி செய்யும்.

தொட்டி துப்புரவாக்கும் மீன் என்று கடையில் விற்பதை வாங்கியும் பயனில்லை. அது இந்தப் படலத்தைத் தின்று தீர்க்காது. பெரிதாக வளர்ந்ததும் குளத்திலோ ஆற்றிலோ விட்டுவிடவும் கூடாது. இலங்கையின் நீர்நிலைகளில் இந்த மீன் ஏற்கனவே பரவித் தொல்லை தருகிறது.

இப்படலத்தின் சில இனங்கள் நஞ்சை உண்டாக்குபவை. கையில் புண் இருந்தால் தொட்டிக்குள் கை விடாதீர்கள். வேலை முடிந்ததும் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். எடுத்த தண்ணீரை ஆடும் கோழியும் குடிக்கும் இடத்தில் வைக்காமல் பூமரத்தின் அடியில் ஊற்றுங்கள்.

திரும்ப வராமலிருக்க

இரண்டு நிமிடத்தில் மீன்கள் தின்று முடிக்கும் அளவுக்கே தீன் போடுங்கள். மின்குமிழ் ஒரு நாளைக்கு ஆறு முதல் எட்டு மணித்தியாலம் எரிந்தால் போதும். வெயில் விழும் யன்னலோரத்தில் தொட்டி இருந்தால் இடத்தை மாற்றுங்கள். தண்ணீர் அசையாத மூலைப் பக்கம் காற்றுக் குழாயைத் திருப்பிவிடுங்கள். கிழமைக்கு ஒருமுறை கால்பங்கு தண்ணீரை மாற்றும்போது மணலின் மேல் கிடக்கும் அழுக்கையும் உறிஞ்சி எடுங்கள். விரைவாக வளரும் நீர்த்தாவரங்களை நட்டால், படலத்துக்குப் போகும் சத்தை அவை எடுத்துக்கொள்ளும்.

மிஞ்சிய பதினொரு மீன்களில் ஆறு பெண் மீன்கள். படலத்தை இந்த முறையில் நீக்கிய பின்னர் அவை குஞ்சு போட்டு, ஆறு மாதத்துக்குள் தொட்டி பழையபடி நிறைந்தது. இப்போதும் எப்போதாவது மணலோரத்தில் ஒரு சிறு பச்சைத் திட்டுத் தெரியும். கண்டவுடன் தீனைக் குறைத்து, குழாயை எடுத்துவிடுவேன். அரை மணித்தியால வேலைதான்.