கிடைக்காத பத்தும் காணாமற்போன கோப்பும்: பைத்தான் வகுப்பு வடிவமைப்பு குறித்து

பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் பத்தாம் பத்தும் கிடைக்கவில்லை. கும்பகோணம் கல்லூரியில் 1880 முதல் 1903 வரை பணியாற்றிய உ.வே.சாமிநாதையர் 1904இல் இந்நூலைப் பதிப்பித்தார். இன்றைய பதிப்புகளும் இரண்டாம் பத்து, 11ஆம் பாடல் என்றே தொடங்குகின்றன. இழப்பை எண்வரிசையே காட்டிவிடுகிறது. கணினித் தரவகங்களில் இந்த ஒழுங்கு பெரும்பாலும் பேணப்படுவதில்லை.

பத்துக்கு ஒரு கோப்பாக இந்நூலைச் சேமித்துச் சொல்லடைவு உருவாக்கும் பைத்தான் வகுப்பு ஒன்றைக் கொள்வோம். கோப்பு இல்லையெனில் நிரல் நின்றுவிடாதிருக்க, எல்லாப் பிழைகளையும் ஒரே 'எக்செப்ட்' கூற்றில் பிடித்து வெற்றுச் சரத்தைத் திருப்பியனுப்புவது பலரது வழக்கம். முதற்பத்துக்கு இது பொருந்துவதுபோல் தோன்றும். ஆனால் செங்குட்டுவனைப் பரணர் பாடிய ஐந்தாம் பத்தின் கோப்பு தவறுதலாக நீங்கியிருந்தாலும் நிரல் அமைதியாக ஓடும். எண்பது பாடல்களின் சொல்லடைவு எனத் தரப்படுவது உண்மையில் எழுபதின் அடைவாகவே இருக்கும். டிஸ்கி குறியாக்கத்தில் உள்ள பழைய கோப்பை யுடிஎஃப்-8 எனக் கருதித் திறக்கும்போது எழும் 'யூனிகோட்டிகோட்எரர்' பிழையும் இவ்வாறே மறைந்துபோகும். தமிழ்த் தரவுகளில் இது அரிதன்று.

எனவே எந்தக் கோப்பு கட்டாயம், எது விருப்பத்திற்குரியது என்பதை வகுப்பை ஆக்கும்போதே அறிவித்தல் வேண்டும். கட்டாயக் கோப்பு இல்லாதபோது 'ஃபைல்நாட்ஃபவுண்ட்எரர்' என்னும் விதிவிலக்கைத் தடுக்காமல் எழவிடலாம். ஏட்டின் ஒளிப்படம் போன்ற துணைக்கோப்புக்கு அந்த ஒரு விதிவிலக்கை மட்டும் பிடித்து, 'நன்' என்னும் இன்மை மதிப்பைத் தந்தால் போதும். அனுமதி மறுப்பும் குறியாக்கப் பிழையும் வெளிப்பட்டே ஆகவேண்டும். கோப்பு உள்ளதா என முன்னரே வினவிப் பின்னர்த் திறப்பதைவிட, நேரே திறக்க முயன்று விதிவிலக்கைக் கையாளுதல் நன்று. வினவலுக்கும் திறப்புக்கும் இடையில் கோப்பு நீக்கப்படக்கூடும்.

முதற்பத்தும் பத்தாம் பத்தும் இவ்விரு வகையிலும் அடங்கா. அவற்றுக்குக் கோப்பே எதிர்பார்க்கப்படுவதில்லை. 'இழந்தது' என்னும் நிலையைத் தரவிலேயே பதிந்துவிட்டால், வகுப்பு அவற்றைத் தேடாது, எண்ணிக்கையிலும் சேர்க்காது. இழந்த பத்துகளுக்குரியனவாகக் கருதப்படும் சில பாடல்கள் உரை மேற்கோள்களில் கிடைப்பதால், அந்நிலையோடு பிற்சேர்க்கைக் கோப்பொன்றை விருப்பமாக இணைக்கவும் இடமிருத்தல் நலம்.

இவ்வடிவமைப்பைச் சோதிப்பது எளிது. தரவின் படியொன்றைத் தற்காலிக உறையில் வைத்து, ஐந்தாம் பத்தை நீக்கி இயக்கினால் நிரல் கோப்பின் பெயரைச் சுட்டி நிற்கவேண்டும். ஒளிப்படங்களை நீக்கி இயக்கினால் சொல்லடைவில் ஓர் எண்ணும் மாறக்கூடாது.