ஸ்டியரிங்கில் ஒரு கை, செல்போனில் ஒரு கை!

வண்டி ஓட்டிக்கொண்டே செய்தி அனுப்புவதைச் சட்டம் தடுக்க முடியுமா?

2008-ம் ஆண்டு செப்டம்பர் 12-ந்தேதி. வெள்ளிக்கிழமை மாலை நேரம்.

அமெரிக்காவில் உள்ள லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் இருந்து ஒரு பயணிகள் ரெயில் புறப்பட்டது. வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்கள் அதில் இருந்தார்கள். மொத்தம் 200 பேருக்கு மேல்.

சாட்ஸ்வொர்த் என்ற இடத்தை ரெயில் தாண்டியது. எதிரே சிவப்பு விளக்கு எரிந்தது. ரெயில் நின்று இருக்க வேண்டும். நிற்கவில்லை. அதே தண்டவாளத்தில் எதிரே ஒரு சரக்கு ரெயில் வந்துகொண்டு இருந்தது. இரண்டும் நேருக்கு நேர் மோதின.

25 பேர் மாண்டார்கள். 100 பேருக்கு மேல் காயம் அடைந்தார்கள். ரெயிலை ஓட்டிய டிரைவரும் பிணமானார்.

சிவப்பு விளக்கை அவர் ஏன் கவனிக்கவில்லை? சிக்னல் பழுதா? பிரேக் பிடிக்கவில்லையா? இரண்டும் இல்லை.

செல்போன் கணக்கைப் புரட்டிப் பார்த்தார்கள். விஷயம் வெளியே வந்தது. ரெயில் என்றால் உயிரை விடும் ஒரு சிறுவனுக்கு, அந்த டிரைவர் செய்தி அனுப்பிக்கொண்டு இருந்து இருக்கிறார். கடைசிச் செய்தி போனதற்கும் ரெயில் மோதியதற்கும் இடையே இருந்த நேரம், வெறும் 22 வினாடி!

வேலை நேரத்தில் செல்போனைத் தொடக்கூடாது என்று அந்த ரெயில் கம்பெனியில் விதி இருந்தது. டிரைவருக்கு அது தெரியும். முன்பே அவரைக் கூப்பிட்டு எச்சரித்தும் இருந்தார்கள். விதி ஏட்டில் இருந்தது. செல்போன் கையில் இருந்தது.

அதே மாதத்தில் இன்னொன்றும் நடந்தது. அப்போது அந்த மாநிலத்தின் கவர்னராக இருந்தவர் அர்னால்டு சுவார்செனெகர் (சினிமாவில் சண்டை போடுவாரே, அவரேதான்!). கார் ஓட்டும்போது செய்தி எழுதுவதையும் படிப்பதையும் தடை செய்யும் மசோதாவில் அவர் கையெழுத்துப் போட்டார். 2009-ம் ஆண்டு ஜனவரி முதல் தேதியில் இருந்து அது சட்டம் ஆயிற்று. முதல் தடவை பிடிபட்டால் அபராதம் எவ்வளவு தெரியுமா? 20 டாலர்!

25 உயிரைப் பறிகொடுத்த மாநிலத்தில் 20 டாலர்.

5 வினாடியில் என்ன ஆகிவிடும்?

"ஒரே ஒரு வார்த்தைதானே! 'வருகிறேன்' என்று அனுப்பினேன். இதற்குப் போய் சட்டமா?" என்று கேட்கிறவர்கள் உண்டு.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 60 கிலோ மீட்டர் வேகத்தில் போகும் வண்டி, ஒரு வினாடியில் சுமார் 17 மீட்டர் ஓடிவிடும். 5 வினாடியில் 83 மீட்டர். கண்ணைக் கட்டிக்கொண்டு 83 மீட்டர் வண்டி ஓட்டுங்கள் என்றால் யாராவது ஓட்டுவார்களா? செல்போனைப் பார்த்துக்கொண்டு ஓட்டுகிறவர் அதைத்தான் செய்கிறார். அந்த 83 மீட்டருக்குள் ஒரு பள்ளிக்கூட வாசல் இருக்கலாம். ஒரு மாடு குறுக்கே வரலாம். பந்தை விரட்டிக்கொண்டு ஒரு குழந்தை ஓடி வரலாம்.

அமெரிக்காவில் வர்ஜீனியா தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்தவர்கள், லாரிகளுக்குள் கேமரா வைத்து டிரைவர்களைக் கவனித்தார்கள். 2009-ம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். ஆபத்து நேரும் சமயத்தில், 6 வினாடியில் 4.6 வினாடி டிரைவரின் கண் செல்போனில் இருந்ததாம். செய்தி எழுதிக்கொண்டு லாரி ஓட்டினால் ஆபத்து 23 மடங்கு என்று அவர்கள் சொன்னார்கள்.

ஓட்டிக்கொண்டே முறுக்குத் தின்கிறவரும் உண்டு. பாட்டுக் கேட்கிறவரும் உண்டு. அதுவும் தப்புதான். ஆனால் முறுக்குத் தின்ன கண் வேண்டாம். செய்தி எழுதக் கண் வேண்டும், கை வேண்டும், மனமும் வேண்டும். மூன்றும் போய்விட்டால் வண்டியை ஓட்டுவது யார்?

கோர்ட்டில் நடந்த கூத்து

"கவனக்குறைவாக வண்டி ஓட்டினால் தண்டிக்க முன்பே சட்டம் இருக்கிறதே. செல்போனுக்குத் தனிச் சட்டம் எதற்கு?" என்றும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்கு இரண்டு கோர்ட்டுகள் பதில் சொல்லி இருக்கின்றன.

ஒன்று, பக்கத்து வீடான கேரளம். செல்போனில் பேசியபடி கார் ஓட்டினார் என்று ஒருவர் மீது போலீசார் வழக்குப் போட்டார்கள். கேரள போலீஸ் சட்டத்தில், "பொதுமக்களுக்கு ஆபத்து விளைவிப்பது குற்றம்" என்று ஒரு பிரிவு இருக்கிறது. அந்தப் பிரிவின் கீழ் வழக்கு. கேரள ஐகோர்ட்டு 2018-ம் ஆண்டு மே மாதம் தீர்ப்புக் கூறியது. "பேசிக்கொண்டே ஓட்டினார் என்பதற்காக மட்டும், அவர் ஆபத்து விளைவித்தார் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அந்தப் பிரிவில் செல்போன் என்று எங்கும் சொல்லப்படவில்லை" என்பது தீர்ப்பின் சாரம்.

நீதிபதிகள் மீது குறை இல்லை. சட்டத்தில் எழுதாததை அவர்கள் எப்படிப் படிப்பார்கள்?

இன்னொன்று, இங்கிலாந்து. அங்கே 2003-ம் ஆண்டு டிசம்பர் மாதத்திலேயே தடை வந்துவிட்டது. கையில் செல்போனை வைத்துக்கொண்டு வண்டி ஓட்டக்கூடாது. 2017-ம் ஆண்டு லண்டனில் ஒருவர் கார் ஓட்டிப் போனார். வழியில் ஒரு விபத்து நடந்து கிடந்தது. ஓட்டிக்கொண்டே செல்போனை எடுத்து அதைப் படம் பிடித்தார். போலீசார் பிடித்தார்கள். ஐகோர்ட்டு வரை போனது வழக்கு. சட்டத்தில், பிறரோடு தொடர்பு கொள்வதற்காகச் செல்போனைப் பயன்படுத்துவதுதான் குற்றம் என்று இருந்தது. இவர் யாரோடும் பேசவில்லை, யாருக்கும் அனுப்பவில்லை, படம்தான் எடுத்தார்! 2019-ம் ஆண்டில் அவருடைய விடுதலையை ஐகோர்ட்டு உறுதி செய்தது.

அந்த ஓட்டையை அடைக்க மேலும் 3 ஆண்டு பிடித்தது. 2022-ம் ஆண்டு மார்ச் 25-ந்தேதியில் இருந்து, அங்கே வண்டி ஓட்டும்போது செல்போனில் படம் எடுத்தாலும் குற்றம், பாட்டு மாற்றினாலும் குற்றம். அபராதம் 200 பவுன். அதோடு லைசென்சில் 6 கரும்புள்ளி. லைசென்சு வாங்கி 2 ஆண்டு ஆகாதவர் என்றால், அந்த 6 புள்ளியிலேயே லைசென்சு போய்விடும்.

தடை என்றால் இன்னது தடை என்று பெயர் சொல்லி எழுத வேண்டும். இல்லாவிட்டால் விபத்து நடந்த பிறகுதான் சட்டம் வரும். அதற்கு முன்பே ஆம்புலன்சு வந்துவிடும்.

நம் நாட்டுச் சட்டம்

இந்தியாவில் பெயர் சொல்லி எழுதிவிட்டார்கள். 2019-ம் ஆண்டில் மோட்டார் வாகனச் சட்டத்தைப் பாராளுமன்றம் திருத்தியது. ஆபத்தாக வண்டி ஓட்டுவது எது என்ற பட்டியலில், கையில் செல்போன் போன்ற கருவியை வைத்துப் பயன்படுத்துவதும் சேர்ந்தது. முதல் தடவை 1,000 ரூபாயில் இருந்து 5,000 ரூபாய் வரை அபராதம். அல்லது 6 மாதம் முதல் ஓர் ஆண்டு வரை ஜெயில். இரண்டும் சேர்த்தும் கொடுக்கலாம். 3 ஆண்டுக்குள் மறுபடியும் மாட்டிக்கொண்டால் 10,000 ரூபாய் அபராதம், அல்லது 2 ஆண்டு வரை ஜெயில், அல்லது இரண்டும்.

சட்டம் கடுமைதான். ஆனால் தெருவில் நின்று பார்த்தால் அப்படித் தெரிகிறதா?

2022-ம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்று மத்திய சர்க்கார் கணக்குக் கூறுகிறது. அதில் செல்போனால் இறந்தவர்கள் என்று காட்டப்பட்டவர்கள் சுமார் 3,400 பேர். நூற்றுக்கு இரண்டு பேர்! மற்றதில் பெரும் பகுதி "அதிக வேகம்" என்ற கணக்கில் போய் இருக்கிறது. வேகமாகப் போனவர் கையில் செல்போன் இருந்ததா என்பதை யார் பார்த்தது? வண்டி நொறுங்கிய இடத்தில் செல்போனும் நொறுங்கிக் கிடக்கும்.

மடியில் ஒளிந்த செல்போன்

தடையை எதிர்க்கிறவர்கள் கையில் ஒரு பலமான ஆயுதம் இருக்கிறது. அதை மறைப்பது சரியல்ல.

2010-ம் ஆண்டில் அமெரிக்க இன்சூரன்சு ஆராய்ச்சியாளர்கள், தடை போட்ட 4 மாநிலங்களின் விபத்துக் கணக்கை எடுத்தார்கள். தடைக்குப் பிறகு விபத்து குறையவே இல்லை. சில இடங்களில் சற்றுக் கூடியும் இருந்தது!

ஏன்? முன்பு செல்போனை ஸ்டியரிங்குக்கு நேரே பிடித்து எழுதினார்கள். சாலையும் ஓரக்கண்ணில் தெரிந்தது. தடை வந்த பிறகு போலீஸ்காரர் பார்த்துவிடுவார் என்று பயந்து, செல்போனை மடியில் வைத்துக்கொண்டார்கள். தலை குனிந்தது. சாலை அடியோடு மறைந்தது. இப்படி இருக்கலாம் என்பது அந்த ஆராய்ச்சியாளர்களின் ஊகம். நம் ஊரில் ஹெல்மெட்டுக்குள் செல்போனைச் செருகிக்கொண்டு போகிறார்களே, அதற்கு அண்ணன் இது.

அதற்காகச் சட்டமே வேண்டாம் என்று சொல்லலாமா? திருடன் சுவர் ஏறிக் குதிக்கிறான் என்று கதவைக் கழற்றி வைப்பார் உண்டா?

ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் ஒரு வழி கண்டுபிடித்தது. சாலைக்கு மேலே கேமராவைக் கட்டினார்கள். அது காரின் முன் கண்ணாடி வழியாக டிரைவரின் மடியையே படம் எடுக்கும். சந்தேகமான படத்தை எந்திரம் பொறுக்கி எடுக்கும். பிறகு மனிதர் ஒருவர் அதைப் பார்த்து முடிவு செய்வார். 2019-ம் ஆண்டில் சோதித்துப் பார்த்தபோது 85 லட்சம் வண்டிகளைப் படம் எடுத்தார்கள். 1 லட்சம் பேருக்கு மேல் சிக்கினார்கள்! அந்த டிசம்பரில் திட்டம் நடைமுறைக்கு வந்தது. முதல் 3 மாதம் எச்சரிக்கைக் கடிதம்தான். பிறகு அபராதம். நாளடைவில், சிக்குகிறவர்களின் விகிதம் வெகுவாகக் குறைந்துவிட்டது.

கனமான அபராதத்தைவிட, கட்டாயம் பிடிபடுவோம் என்ற பயம் பெரிது. ஜெயில் என்று எழுதிவிட்டு, நூற்றில் ஒருவரைக்கூடப் பிடிக்காவிட்டால் சட்டத்துக்கே மரியாதை போய்விடும்.

"மேப் பார்த்தேன் சார்!"

நம் சட்டத்தில் ஒரு சன்னல் திறந்து இருக்கிறது. 2020-ம் ஆண்டு அக்டோபர் முதல் தேதி அமலுக்கு வந்த விதிப்படி, வழி பார்ப்பதற்கு மட்டும் செல்போனைப் பயன்படுத்தலாம். அதுவும் கவனம் சிதறாமல். போலீஸ்காரர் கை காட்டி நிறுத்தினால், "மேப் பார்த்தேன் சார்" என்று சொல்லிவிட்டால் அவர் என்ன செய்வார்?

வழி பார்க்க வேண்டியவர்களும் இருக்கிறார்கள். வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோகும் பையனுக்கு அந்தச் செல்போன்தான் முதலாளி. ஆர்டர் வருவதும் அதில். வழி சொல்வதும் அதில். "எங்கே இருக்கிறாய்?" என்று வாடிக்கையாளர் கேட்பதும் அதில். 1,000 ரூபாய் அபராதம் அவனுக்குப் பெரிய அடி. செல்போனை வண்டியில் பொருத்த ஒரு தாங்கியும், வண்டி ஓடும்போது ஒலிக்காத ஏற்பாடும் செய்து கொடுக்கவேண்டியது யார்? அந்தப் பையனா, கம்பெனியா? சட்டம் பையனின் சட்டையை மட்டும் பிடிக்கிறது.

அனுப்பியவர் மீதும் வழக்கு!

செய்தி தானாக வருவது இல்லை. ஒருவர் அனுப்பினால்தான் வருகிறது. "கிளம்பியாச்சா?", "எங்கே வருகிறீர்கள்?", "வரும்போது தக்காளி வாங்கி வாருங்கள்". பெரும்பாலும் வீட்டில் இருக்கிறவர்களே அனுப்புகிறார்கள்.

அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்தில் இதற்கும் ஒரு வழக்கு நடந்தது. 2009-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 18 வயது வாலிபன் ஒருவன் வண்டி ஓட்டிச் சென்றான். அவனும் அவனுடைய 17 வயதுக் காதலியும் அன்று ஒரே நாளில் 62 செய்திகளை அனுப்பிக்கொண்டார்கள். அவன் வண்டி நடுக்கோட்டைத் தாண்டியது. எதிரே மோட்டார் சைக்கிளில் வந்த கணவன், மனைவி மீது மோதியது. இருவருக்கும் இடது கால் போயிற்று.

அந்தத் தம்பதி வாலிபன் மீது வழக்குப் போட்டார்கள். அதோடு விடவில்லை. செய்தி அனுப்பிய பெண் மீதும் போட்டார்கள்!

2013-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அப்பீல் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. எதிராளி வண்டி ஓட்டிக்கொண்டு இருக்கிறார், செய்தி வந்தால் அப்போதே பார்ப்பார் என்று தெரிந்தும் ஒருவர் அனுப்பினால், அவரும் பொறுப்பாளி ஆகலாம் என்றது. ஆனால் இந்தப் பெண்ணுக்கு அது தெரியும் என்பதற்குச் சாட்சியம் இல்லை. ஆகவே அவள் நட்டஈடு கொடுக்க வேண்டியது இல்லை என்று முடித்தது.

அவள் கடைசியாக அனுப்பிய செய்தியில் என்ன எழுதி இருந்தாள்? அது மட்டும் கோர்ட்டுக்கு வந்து சேரவில்லை.