படத்தில் நிறையும் அலமாரி

கடையின் முகப்புதான் கடைக்காரரின் முதல் விளம்பரம் என்பார்கள். இன்றோ வாடிக்கையாளர் படியேறும் முன்பே கடையின் போட்டோ அவர் கைக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. தீபாவளி நோட்டீஸ், மாதக் காலண்டர், வாட்ஸ்அப் விலைப்பட்டியல் எதுவானாலும் படம் இல்லாமல் இல்லை. அந்தப் படத்தை அச்சகத்தில் கொடுத்து, "கொஞ்சம் சரி பண்ணிக் கொடுங்கள்" என்கிறோம். அங்கே என்ன செய்கிறார்கள், எதுவரை செய்யலாம் என்பதை வணிகர் ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

ஒட்டு வேலை

அமெரிக்காவின் தாமஸ் நோல், ஜான் நோல் சகோதரர்கள் 1987-ல் தொடங்கிய முயற்சியே போட்டோஷாப். அடோபி நிறுவனம் இதனை 1990-ல் விற்பனைக்குக் கொண்டு வந்தது. இதிலுள்ள 'குளோன் ஸ்டாம்ப்' என்னும் கருவி, படத்தின் ஓரிடத்தில் இருப்பதை அப்படியே நகலெடுத்து வேறிடத்தில் பதிக்கும். சுவரில் கிழிந்த போஸ்டர், முகப்பின் குறுக்கே தொங்கும் ஒயர் போன்றவற்றை மறைக்க இதுவே போதும்.

ஆனால் பக்கவாட்டில் நின்று எடுத்த படத்தில் இது உதவாது. ரயில் தண்டவாளம் தூரத்தில் ஒன்றுகூடுவது போல, அலமாரித் தட்டுகளின் கோடுகளும் உள்ளே போகப்போகக் குறுகிக் கொண்டே போகும். 10 அடி தூரத்தில் உள்ள மூட்டை படத்தில் 2 அங்குலம் என்றால், 20 அடியில் உள்ள அதே அளவு மூட்டை 1 அங்குலம்தான் இருக்கும். முன்னதை அப்படியே எடுத்துப் பின்னால் ஒட்டினால், அது பூதாகாரமாக நின்று காட்டிக் கொடுத்துவிடும்.

கோணம் அறிந்து நகலெடுத்தல்

இக்குறையை நீக்க 2005-ல் வந்ததே 'வேனிஷிங் பாயின்ட்' வசதி. தரை, சுவர், அலமாரி என எந்தப் பரப்பில் வேலையோ, அதன் நான்கு மூலைகளையும் குறித்தால் போதும். அதன் மேல் ஒரு கட்டம் விரியும். கட்டம் நீலமாக இருந்தால் வேலையைத் தொடரலாம். மஞ்சளோ சிவப்போ ஆனால் மூலைகள் பிசகியிருக்கின்றன என்று பொருள். பிறகு எந்தப் பகுதியை நகலெடுத்தாலும், தூரத்திற்கும் கோணத்திற்கும் ஏற்ப மென்பொருளே சிறிதாக்கிப் பதித்துவிடும். 'கிம்ப்' என்னும் இலவச மென்பொருளிலும் இதற்கு ஒரு கருவி உண்டு.

கவனிக்க வேண்டியவை சில. அருகிலிருப்பதை எடுத்துத் தூரத்தில் ஒட்டுவதே நல்லது. தூரத்துச் சிறு பகுதியைப் பெரிதாக்கினால் மங்கிப் போகும். வாசல் பக்கம் வெளிச்சமாகவும் உட்பக்கம் இருட்டாகவும் இருப்பதால் ஒளியையும் சரி பார்க்க வேண்டும். அசல் படத்தை அழிக்காமல் தனியே வைத்திருக்கச் சொல்லுங்கள்.

எல்லை எது?

உடைந்த ஒரு தரைக்கல்லைப் படத்தில் சீராக்கினால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் பாதி காலியான அலமாரியைச் சரக்கால் நிரப்பிக் காட்டுவதும், 50 மூட்டையை 200 ஆக்கிக் கொள்முதல்காரருக்கு அனுப்புவதும் திருத்தமல்ல, ஏமாற்று. வங்கிக்கோ இன்சூரன்சுக்கோ அப்படியொரு படம் போனால் விளைவு இன்னும் விபரீதமாகும்.

2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, தவறான எண்ணம் தரும் விளம்பரத்தை நிறுத்தவோ மாற்றவோ வணிகருக்கு உத்தரவிட வழி செய்கிறது. உற்பத்தியாளருக்கு 10 லட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையிலும் அபராதம் விதிக்கலாம். 'நாம் கடைக்காரர்தானே' என்று இருந்துவிடக் கூடாது. பிறர் தயாரித்த பொருளில் தன் முத்திரையைப் போட்டு விற்பவரும் இச்சட்டத்தின்படி உற்பத்தியாளரே. சொந்தப் பெயரில் மசாலா, பருப்பு பாக்கெட் போடும் நம்மவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

ஏமாறாதிருக்க

வெளியூர்ச் சரக்கைப் படம் பார்த்து வாங்குவோர் மூட்டைகளை உற்றுப் பார்க்க வேண்டும். ஒரே கறை, ஒரே தையல் பிரிவு இரண்டு மூன்று மூட்டைகளில் அதே இடத்தில் தென்பட்டால் சந்தேகப்படுங்கள். வரிசைகளின் கோடுகள் ஒரே திசையில் குறுகுகின்றனவா, நிழல்கள் ஒத்துப் போகின்றனவா என்றும் பாருங்கள். ஐயம் இருந்தால் முன்பணம் கொடுக்கும் முன் வீடியோவில் கிட்டங்கியைச் சுற்றிக் காட்டச் சொல்லலாம். தெரிந்தவரை நேரில் அனுப்புவது அதைவிட நல்லது.

பெரிய இடத்திலேயே இது நடந்திருக்கிறது. 2006-ல் பெய்ரூட் குண்டுவீச்சுப் படத்தில் புகையை நகலெடுத்துப் பெருக்கியது வெளியானது. ராய்ட்டர்ஸ் நிறுவனம் அந்தப் புகைப்படக்காரரின் 920 படங்களையும் விற்பனையிலிருந்து நீக்கியது. 2008-ல் ஈரான் வெளியிட்ட ஏவுகணைச் சோதனைப் படத்தில் நான்கு ஏவுகணைகள் பாய்ந்தன. அவற்றுள் ஒன்று நகலென்று காட்டிக் கொடுத்தது, ஒரே வடிவில் திரும்பத் திரும்ப வந்த புகையும் புழுதியும்தான்.

அந்த 920 படங்களில் பொய்யானவை மிகச் சிலவே. ஆயினும் ஒன்று பொய்யென்றானதும் மீதியும் மதிப்பிழந்தன. ஒருமுறை எடை குறைத்த தராசை ஊர் மறப்பதில்லை. கடைப் படமும் நம் தராசுதான். தூசியைத் துடைக்கலாம், முள்ளை அசைக்கக் கூடாது.