டைம் அவுட்டில் நான் என்ன சொன்னேன்?

என் கைபேசியில் 41 நொடி ஓடும் ஒரு வீடியோ இருக்கிறது. ஏழு வருடமாக அழிக்காமல் வைத்திருக்கிறேன். மாவட்ட அளவிலான பள்ளி வாலிபால் போட்டி. மூன்றாவது செட். இரண்டு பக்கமும் 13 புள்ளி. டைம் அவுட் எடுத்திருக்கிறேன். எங்கள் ஆட்டக்காரி ஒருத்தியின் அக்கா கோட்டுக்கு வெளியே நின்று எடுத்தது அது. என் முதுகு மட்டும்தான் தெரியும். ஆனால் அத்தனை கூட்டத்திலும் என் குரல் தெளிவாகக் கேட்கும்.

“அறிவிருக்கா உங்களுக்கு? மூணு மாசமா என்னத்தடி பழகுனீங்க? காலு என்ன தரையில ஒட்டிக்கிச்சா? சோறு தின்னுட்டுத்தான வந்தீங்க? இப்படி ஆடுறதுக்கு வீட்லயே கெடந்திருக்கலாம்ல!”

விசில் அடிக்கிறது. ஆறு பேரும் கோர்ட்டுக்குள் ஓடுகிறார்கள். எதிரணிப் பெண் சர்வீஸ் போடுகிறாள். பந்து நெட்டைத் தாண்டும் நேரத்தில், பின்வரிசையில் நிற்கும் எங்கள் பிள்ளையின் கண் பந்தில் இல்லை. என்மேல் இருக்கிறது. பந்து அவளுக்கு இரண்டடி முன்னால் விழுகிறது. அடுத்த புள்ளியும் போனது. ஆட்டமும் போனது.

பிறகொரு நாள் அந்த வீடியோவைப் போட்டுப் போட்டுக் கேட்டு, நான் பேசிய ஒவ்வொரு வாக்கியத்தையும் தாளில் எழுதினேன். பதினொன்று வந்தது. அடுத்த பந்தை எடுக்க அந்தப் பிள்ளைக்கு உதவக்கூடியது அதில் ஒன்றுகூட இல்லை. எதிரணிப் பெண்ணின் சர்வீஸ் சுழலாமல் ஆடி ஆடி வந்து, கடைசியில் குட்டையாக விழுந்துகொண்டிருந்தது. “ரெண்டடி முன்னால நில்லு” என்று சொல்லியிருந்தால் போதும். அது எனக்குத் தெரிந்தும் இருந்தது. முப்பது நொடி என் கையில் இருந்தும் அதைச் சொல்லவில்லை.

நான் ஒரு அரசுப் பெண்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. இந்த வேலைக்கு வந்து 24 வருடம் ஆகிறது. எங்கள் ஊர் கரிசல் பூமி. மழை பெய்தால் மண் காலோடு ஒட்டிக்கொண்டு வரும் என்பதால் நாலு லோடு செம்மண் அடித்துப் போட்டுக் கோர்ட் அமைத்தோம். வேலையில் சேர்ந்த புதிதில் மூத்தவர் ஒருவர் சொன்னார்: “பொம்பள பி.டி. டீச்சருக்குச் சத்தந்தாம்மா பிரம்பு. சத்தம் இல்லைன்னா ஒருத்தியும் மதிக்க மாட்டா.” நான் கல்லூரியில் ஆடியபோது எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவரும் அப்படித்தான் கத்துவார். அவரிடம் வளர்ந்த நான், பயிற்சி என்றாலே அதுதான் என்று நம்பினேன். அடியாத மாடு படியாது என்ற பழமொழியும் துணைக்கு இருந்தது.

இந்த நம்பிக்கை ஏன் இவ்வளவு எளிதில் வேர் பிடிக்கிறது? உளவியலாளர் டேனியல் கானமன் சொன்ன ஓர் அனுபவம்தான் எனக்கு அதைப் புரியவைத்தது. 2002-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றவர் அவர். இளவயதில் இஸ்ரேல் விமானப்படையின் பயிற்றுநர்களுக்கு வகுப்பெடுக்கும்போது, தண்டனையைவிடப் பாராட்டுதான் நன்றாகக் கற்றுத்தரும் என்றார். அனுபவசாலியான ஒரு பயிற்றுநர் எழுந்து மறுத்தார். விமானத்தை அழகாக வளைத்து ஓட்டிய பையனைப் பாராட்டினால் அடுத்த முறை சொதப்புகிறான். சொதப்பியவனைத் திட்டினால் அடுத்த முறை நன்றாக ஓட்டுகிறான். என் கண்ணால் கண்டது இது, என்றார். அவர் கண்டது உண்மை. அதற்கு அவர் சொன்ன காரணம்தான் தவறு. எவருக்கும் மிக மோசமான ஒரு முயற்சிக்கு அடுத்தது பெரும்பாலும் கொஞ்சம் மேலாகத்தான் இருக்கும். மிகச் சிறந்த ஒன்றுக்கு அடுத்தது கொஞ்சம் கீழாகத்தான் இருக்கும். திட்டினாலும் திட்டாவிட்டாலும் அப்படித்தான். கானமன் தரையில் சாக்பீஸால் ஒரு குறி வரைந்து, எல்லோரையும் முதுகைத் திருப்பிக்கொண்டு இரண்டு முறை நாணயம் வீசச் சொன்னார். முதல் வீச்சில் மோசமாகப் போட்டவர்களில் பெரும்பாலோர் இரண்டாவதில் முன்னேறினார்கள். அங்கே யாரும் யாரையும் திட்டவில்லை.

எங்கள் கோர்ட்டிலும் இதுதான் நடந்தது. மூன்று சர்வீஸை நெட்டில் அடித்த பிள்ளையிடம் கத்துவேன். நாலாவது உள்ளே விழும். “பாத்தியா, சத்தம் போட்டாத்தான் வருது” என்பேன். நாலாவது தானாக வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

கத்துவதால் உடம்பில் என்ன ஆகிறது என்பதையும் பார்க்க வேண்டும். திடீரென்று ஒரு பெரிய சத்தம் கேட்டால் இதயம் வேகமாகத் துடிக்கும். தோளும் கழுத்தும் இறுகும். கவனம் குறுகும். கடைசி நூறு மீட்டரைப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட வேண்டிய பெண்ணுக்கு இந்த வேகம் உதவலாம். ஆனால் வாலிபாலில் பந்தை வாங்குவது வேறு வகை வேலை. இரண்டு கையையும் சேர்த்து, தோளைத் தளர்த்தி, முழங்காலை மடக்கி, பந்தின் வேகத்தைக் கையிலேயே சாக வைக்க வேண்டும். தோள் இறுகினால் பந்து பலகையில் பட்டதுபோலத் தெறித்துப் போகும்.

1908-லேயே ராபர்ட் யெர்க்ஸ், ஜான் டாட்சன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் எலிகளை வைத்து இதற்கு நெருக்கமான ஒன்றைக் கண்டார்கள். வெள்ளைப் பெட்டி எது, கறுப்புப் பெட்டி எது என்று எலி பிரித்தறிய வேண்டும். தவறினால் மின்சார அதிர்ச்சி. வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தபோது, அதிர்ச்சி கூடக் கூட எலி வேகமாகக் கற்றது. வித்தியாசம் நுணுக்கமானபோது, அதிர்ச்சி ஓர் அளவைத் தாண்டியதும் கற்பது மெதுவானது. எலியும் பிள்ளையும் ஒன்றல்ல. ஆனாலும், தண்டால் எடுக்கும்போது வேலை செய்வதுபோலத் தெரியும் அதட்டல் பந்து வாங்கும்போது ஏன் கெடுக்கிறது என்பது எனக்கு இதைப் படித்த பிறகுதான் விளங்கியது.

அப்படியானால் நல்ல பயிற்சியாளர் வாயைத் திறந்து என்னதான் சொல்கிறார்? அதை எண்ணியே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்கக் கூடைப்பந்தில் ஜான் வுடன் பெரிய பெயர். அவருடைய யு.சி.எல்.ஏ. அணி 12 ஆண்டுகளில் 10 முறை தேசியக் கல்லூரிப் பட்டம் வென்றது. 1974-75-இல், அவருடைய கடைசிப் பருவத்தில், ரொனால்ட் காலிமோர், ரோலண்ட் தார்ப் என்ற இரண்டு உளவியலாளர்கள் பயிற்சி நேரத்தில் காலரியில் உட்கார்ந்து அவர் பேசியதையும் செய்ததையும் குறித்தார்கள். 2,326 குறிப்புகள். ஏறத்தாழ முக்கால் பங்கு, என்ன செய்ய வேண்டும், எப்படிச் செய்ய வேண்டும் என்ற தகவல்தான். பாராட்டு 7 சதவீதத்துக்கும் குறைவு. அதிருப்தி காட்டியதும் கிட்டத்தட்ட அதே அளவு. தவறு கண்டால் சரியானதைச் செய்து காட்டுவார், பையன் செய்த தவறைச் செய்து காட்டுவார், மறுபடி சரியானதைச் செய்து காட்டுவார். எல்லாம் சில நொடிகளில் முடிந்துவிடும். பருவத்தின் முதல் நாளில் காலுறையைச் சுருக்கமில்லாமல் மாட்டுவது எப்படி என்று கற்றுக்கொடுத்தவர் அவர். சுருக்கம் இருந்தால் கொப்புளம் வரும். கொப்புளம் வந்தால் ஆட்டம் போகும்.

அவர் செல்லம் கொடுத்தவர் அல்ல, கண்டிப்பானவர். ஆனால் அவருடைய கண்டிப்புக்குள் எப்போதும் ஒரு தகவல் இருந்தது. என்னுடைய பதினொரு வாக்கியத்திலும் கண்டிப்பு இருந்தது, தகவல் இல்லை.

இந்த இடத்தில் பலரும் கேட்பார்கள்: அடி வாங்கி, திட்டு வாங்கித்தானே பெரிய ஆட்கள் வந்தார்கள்? டெண்டுல்கரே அவருடைய குரு ரமாகாந்த் அச்ரேகரிடம் அறை வாங்கியதைச் சொல்லியிருக்கிறாரே? சொல்லியிருக்கிறார். அதே டெண்டுல்கர், அச்ரேகர் தன்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு மைதானம் மைதானமாகப் போய் ஆட வைத்ததையும், ஸ்டம்பின் மேல் நாணயம் வைத்து, அவுட் ஆகாமல் நின்றால் அது உனக்கு என்று சொன்னதையும் சொல்லியிருக்கிறார். கேட்பவர்கள் அறையை மட்டும் எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரை விட்டுவிடுகிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. ஜெயித்தவர் மேடையேறித் தன் கதையைச் சொல்கிறார். பாதியில் விட்டுப் போன பிள்ளைக்கு மேடை கிடையாது. அவர்களையும் எண்ணியவர்கள் ரொனால்ட் ஸ்மித்தும் ஃபிராங்க் ஸ்மோலும். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இருந்தவர்கள். சிறுவர் பேஸ்பால் பயிற்சியாளர்களில் ஒரு பகுதியினருக்கு இரண்டரை மணி நேர வகுப்பு எடுத்தார்கள். நன்றாக முயன்றால் சொல்லுங்கள், தவறு செய்தால் தேற்றிவிட்டுத் திருத்தத்தைச் சொல்லுங்கள், தண்டிக்காதீர்கள். சாரம் அவ்வளவுதான். 1992-இல் வெளிவந்த அவர்களுடைய ஆய்வின்படி, வகுப்புக்குப் போகாத பயிற்சியாளர்களிடம் ஆடியவர்களில் 26 சதவீதம் பேர் அடுத்த ஆண்டு விளையாட வரவில்லை. வகுப்புக்குப் போனவர்களிடம் ஆடியவர்களில் வராதவர்கள் 5 சதவீதம்தான். இரண்டு தரப்பின் வெற்றிக் கணக்கிலும் வித்தியாசம் இல்லை. அதாவது கத்தாததால் யாரும் கூடுதலாகத் தோற்கவில்லை.

நியாயமாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பேரி ஸ்டா என்பவரும் உடன் ஆய்வாளர்களும் 23 பள்ளி, கல்லூரிக் கூடைப்பந்து அணிகளின் 304 இடைவேளைப் பேச்சுகளைப் பதிவுசெய்து ஆராய்ந்து 2019-இல் வெளியிட்டார்கள். பயிற்சியாளர் அதிருப்தியைக் காட்டியபோது இரண்டாம் பாதி ஆட்டம் ஓர் அளவு வரை மேம்பட்டது. அதைத் தாண்டிக் கொந்தளித்தபோது சரிந்தது. எனவே கோபமே கூடாது என்று நான் சொல்லவரவில்லை. “இது உங்க ஆட்டம் இல்ல, எனக்குப் பிடிக்கல” என்று முகத்தைப் பார்த்துச் சொல்லலாம். “உனக்கு அறிவிருக்கா” என்பது வேறு. முன்னது ஆட்டத்தைப் பற்றியது. பின்னது பிள்ளையைப் பற்றியது.

உரக்கக் கத்த வேண்டிய இடமும் உண்டு. குண்டு எறியும் பக்கம் ஒரு பிள்ளை குறுக்கே நடந்தால் தொண்டை கிழியக் கத்துவேன். ஆனால் கோர்ட்டுக்குள் கத்த வேண்டியவர்கள் ஆடுகிறவர்கள். பந்து இரண்டு பேருக்கு நடுவே வரும்போது ஒருத்தி “நான்!” என்று கத்த வேண்டும், மற்றவள் விலக வேண்டும். நான் கத்திய காலத்தில் எங்கள் பிள்ளைகள் அதைச் சொல்லவே மாட்டார்கள். “நான்” என்று சொல்லிவிட்டுப் பந்தை விட்டால் திட்டு அவளுக்குத்தானே? பேசாமல் இருந்தால் யார் விட்டது என்று தெரியாது. நடுவில் விழுந்த பந்துகளுக்கெல்லாம் நான் பிள்ளைகளைத் திட்டினேன். அவர்கள் வாயை மூடியது நான்தான். பேட்மிண்டன் பயிற்சியாளர் கோபிசந்த் தன் மாணவி பி.வி. சிந்துவை மற்றவர்கள் முன்னால் கோர்ட்டில் நிறுத்தி, நீ வாய்விட்டுக் கத்தாதவரை ராக்கெட்டைத் தொடக் கூடாது என்று சொன்னாராம். 2016 ரியோ ஒலிம்பிக்கில் சிந்து வெள்ளி வென்ற பிறகு இது வெளியே தெரிந்தது. அதுவும் கடுமைதான். ஆனால் அங்கே குரல் கிடைத்தது மாணவிக்கு.

நான் மாறியது ஒரே நாளில் அல்ல. சுடிதார்ப் பையில் நாற்பது புளியங்கொட்டை போட்டுக்கொண்டு போவேன். பிள்ளைகளுக்கு உதவாத ஒரு சொல்லைச் சொன்னால் ஒரு கொட்டை வலப் பையிலிருந்து இடப் பைக்குப் போகும். முதல் நாள் பயிற்சி முடிவதற்கு முன்பே வலப் பை காலி. இப்போது டைம் அவுட்டில் முதலில் தண்ணீர். பிறகு பந்து ஏற்றிக் கொடுக்கும் பெண்ணிடம், “என்ன தெரியுதும்மா?” என்று கேட்பேன். பல நேரம் நான் பார்க்காததை அவள் பார்த்திருப்பாள். கடைசியாக ஒரே வாக்கியம். அதில் ஓர் இடமோ ஒரு உடல் அசைவோ இருக்க வேண்டும். “ரெண்டடி முன்னால.” “முழங்கால மடக்கி நில்லு.” “அந்த மூலைக்குப் போடு.” அவ்வளவுதான்.

வீடியோவில் இருக்கும் அந்தப் பிள்ளை மறு திங்கள்கிழமையிலிருந்து பயிற்சிக்கு வரவில்லை. வீட்டுக்குப் போனேன். “படிப்பு இருக்கு டீச்சர்” என்றார் அவள் அம்மா. நாலு வருடம் கழித்துப் பேருந்து நிலையத்தில் அவளைப் பார்த்தேன். நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். கையைப் பிடித்துக்கொண்டுதான் பேசினாள். “நீங்க நல்லாத்தான் சொல்லிக் குடுத்தீங்க டீச்சர். மேட்ச் அன்னைக்கு மட்டும் எனக்குப் பந்தே தெரியாது. உங்க மொகந்தான் தெரியும்.” மன்னிப்புக் கேட்டேன். அவள் அழுதாள். நானும்தான்.

2009-இல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, பள்ளியில் பிள்ளையை அடிப்பதை மட்டுமல்ல, மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. வகுப்பறைக்குள் சொல்லக் கூச்சப்படும் சொல்லை மைதானத்தில் சொல்லலாம் என்று நாம் எப்படி நினைத்தோம்?

பிள்ளையைப் பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். கோப்பை அலமாரியைப் பார்த்துப் பயிற்சியாளரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஒரு மாலை ஓரமாக நின்று பாருங்கள். ஒரு பிள்ளை தவறு செய்ததும் அவள் கண் எங்கே போகிறது என்று கவனியுங்கள். அடுத்த பந்தைத் தேடினால் அங்கே பயிற்சி நடக்கிறது. பயிற்சியாளரின் முகத்தைத் தேடினால் அங்கே பயம்தான் நடக்கிறது.

இந்த வருடம் எங்கள் அணி குறுவட்டப் போட்டியோடு வெளியே வந்துவிட்டது. மறுநாள் காலை ஆறு மணிக்குப் பன்னிரண்டு பேரும் கிரவுண்டுக்கு வந்திருந்தார்கள்.