தொல்லெழுத்து ஆய்வு வரைபடங்களில் படிமங்களை இணைத்தல்: மேட்பிளாட்லிப் நிரல் நூலகத்தின் வழி ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

எழுத்து வடிவங்களை அளந்து வரைபடமாக்கும் ஆய்வுகளில், தரவுப்புள்ளிகளோடு எழுத்தின் படிமத்தையும் இணைத்துக் காட்ட இயலும். பைத்தான் மொழியின் மேட்பிளாட்லிப் நூலகம் இதற்குத் தரும் இரண்டு வழிகளை இக்கட்டுரை விளக்குகிறது. படிமம் சான்றாகும் தகுதியை எவ்விடங்களில் இழக்கக்கூடும் என்பதையும் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: தொல்லெழுத்தியல், தமிழ்ப் பிராமி, ஓலைச்சுவடி, வரைபடம், படிமம், படவணு.

முன்னுரை

ஓர் எழுத்தின் வளர்ச்சியைக் காட்டத் தொல்லெழுத்தியலில் எழுத்து அட்டவணையும் அளவு வரைபடமும் பயன்படுகின்றன. அட்டவணையில் வடிவம் உண்டு, அளவு இல்லை. வரைபடத்தில் உயரம், அகலம், சாய்வு ஆகிய அளவுகள் உண்டு, வடிவம் இல்லை. இவ்விரண்டையும் ஒருங்கே காட்டுவதற்கு, தரவுப்புள்ளியின் இடத்தில் எழுத்தின் படிமத்தையே அமைப்பது ஏற்ற வழியாகும்.

எழுத்துருக்களைக் கொண்டே இதனைச் செய்யலாகாதோ எனின், ஆகாது. 2010இல் வெளிவந்த ஒருங்குறி 6.0 பதிப்பு பிராமிக்கு இடமளித்தது. ஆயினும் அது ஓர் எழுத்துக்கு ஒரு குறியீட்டெண்ணையே வழங்குகிறது. மாங்குளம் கல்வெட்டின் மகரமும் புகளூர்க் கல்வெட்டின் மகரமும் அங்கு ஒன்றேயாம். வடிவ வேறுபாடே ஆய்வுப்பொருளாகும்போது கல்லிலிருந்தும் ஓலையிலிருந்தும் எடுத்த படிமமே சான்றாக நிற்க முடியும்.

மேட்பிளாட்லிப், நரம்பியல் ஆய்வாளர் ஜான் ஹண்டர் மூளை மின்பதிவுகளைக் காணும் பொருட்டு உருவாக்கத் தொடங்கி, 2003இல் வெளியிட்ட கட்டற்ற நூலகமாகும். படிமத்தைக் கையாள்வதில் அதன் இயல்பான அமைவுகள் எண்தரவுகளை நோக்கியே வகுக்கப்பட்டவை. எழுத்துச் சான்றுகளைக் கையாள்வோர் அவற்றை அறிந்து மாற்றிக்கொள்ளல் வேண்டும்.

1. படிமமே களமாகும் முறை

ஓலையின் ஒளிப்படத்தின்மேல் வரி இடைவெளி, எழுத்தின் எல்லை ஆகியவற்றைக் குறிக்க வேண்டுமாயின் படிமமே வரைபடத்தின் களமாகிறது. இதற்கு ‘இம்ஷோ’ என்னும் செயற்கூறு உரியது. 42 செ.மீ. நீளமும் 3.5 செ.மீ. அகலமும் உடைய ஓர் ஓலையை, செ.மீ. ஒன்றுக்கு 100 படவணு வீதம் எடுத்ததாகக் கொள்வோம். படிமம் 4200க்கு 350 படவணு அளவினது. ‘எக்ஸ்டென்ட்’ என்னும் அளபுருவுக்கு 0, 42, 0, 3.5 என்னும் நான்கு எல்லைகளை அளித்தால், அச்சுகள் செ.மீ. அளவை நேராகவே காட்டும்.

இங்கு மூன்று செய்திகள் கருதத்தக்கன. முதலாவது, ‘ஆரிஜின்’ என்னும் அமைவு. படிமத்தின் முதல் வரிசை மேலிருந்து தொடங்குவது இயல்பு நிலை. அதனைக் கீழிருந்து தொடங்குமாறு மாற்றினால் எழுத்துகள் மேல்கீழாகப் புரளும். முழு ஓலையில் இது உடனே புலப்படும். பானையோட்டுத் துண்டில் புலப்படாமல் போகலாம். சிலுவைக்குறி போன்ற பிராமிக் ககரம் புரண்டாலும் ஏறக்குறைய அவ்வாறே தோன்றும். ஆகவே சமச்சீரற்ற எழுத்தொன்றைக் கொண்டு திசையைச் சரிபார்த்தல் வேண்டும்.

இரண்டாவது, நிறம். சாம்பல் நிறப் படிமம் ஒற்றை அடுக்கினதாயின், நூலகம் அதனை எண்களின் அட்டவணையாகவே கருதி, ஊதா முதல் மஞ்சள் வரையிலான வண்ண அளவையைப் பூசிவிடும். ‘கிரே’ என்னும் வண்ண அளவையைக் குறிப்பிட்டால் இது நீங்கும்.

மூன்றாவது, ஒளி எல்லை. ஒற்றை அடுக்குப் படிமத்தின் மிகக் குறைந்த மதிப்பைக் கருமையாகவும் மிக உயர்ந்த மதிப்பை வெண்மையாகவும் நூலகம் தானே விரித்துக்கொள்கிறது. இதனால் மங்கிய கீறலும் ஆழ்ந்த வெட்டுப்போல் தோன்றலாம். இரு கல்வெட்டுப் படிமங்களை ஒப்பிடும்போது கீழெல்லை 0, மேலெல்லை 255 என இரண்டுக்கும் பொதுவாக வரையறுத்தாலன்றி ஒப்பீடு செல்லாது.

2. படிமம் தரவுப்புள்ளியாகும் முறை

கிடை அச்சில் காலமும், செங்குத்து அச்சில் மகரத்தின் உயர அகல விகிதமும் அமைந்த வரைபடத்தில் ஒவ்வொரு மகரத்தையும் அதனதன் இடத்தில் வைக்க இம்ஷோ பொருந்தாது. கிடை அச்சு பல நூறு ஆண்டுகளையும் செங்குத்து அச்சு 0 முதல் 2 வரையும் கொண்டது. இரு அச்சுகளுக்கும் ஒரே அலகு என்னும் இயல்பு அமைவில் வரைபடம் மெல்லிய கோடாகச் சுருங்கும். அவ்வமைவை நீக்கினால் எழுத்து, அச்சுகளின் அளவுக்கேற்ப நீளும் அல்லது அகலும். விகிதத்தை ஆராயும் வரைபடத்தில் விகிதமே திரிவது சான்றைக் கெடுப்பதாகும்.

இதற்குரியவை ‘ஆஃப்செட் இமேஜ்’, ‘அனோட்டேஷன் பிபாக்ஸ்’ என்னும் இரு கூறுகள். முன்னது படிமத்தை ஏந்துவது; பின்னது அதனைத் தரவின் ஆயத்தில் நிறுத்துவது. அச்சின் எல்லை மாறினும் படிமத்தின் அளவும் விகிதமும் மாறா. ஆனால் இவ்வாறு இணைத்த படிமங்களை அச்சின் எல்லையைக் கணிக்கும்போது நூலகம் கருதுவதில்லை. எனவே முதலில் தரவுப்புள்ளிகளைக் குறித்து, பின்னர்ப் படிமங்களை இணைத்தல் நன்று. படிமம் பரப்புடையதாதலின் துல்லியமான இடத்தைச் சிறு புள்ளியால் காட்டி, படிமத்தைச் சற்று விலக்கி அம்புக்குறியால் இணைக்கலாம்.

காலத்தைக் குறிப்பதிலும் கவனம் வேண்டும். கல்வெட்டுகளின் காலம் பெரும்பாலும் மதிப்பீடே. படிமத்தை ஒரே ஆண்டில் நிறுத்துவது இல்லாத துல்லியத்தை ஏற்றிச் சொல்வதாகும். மதிப்பீட்டின் இரு எல்லைகளையும் கிடைக்கோட்டால் காட்டுதல் நேர்மையானது.

3. சுருக்கமும் புள்ளியிழப்பும்

மெய்யெழுத்துக்குப் புள்ளி இடப்பட்டுள்ளதா என்பது தமிழ் எழுத்து வரலாற்றின் முதன்மை வினாக்களுள் ஒன்று. வரைபடத்தில் படிமத்தைச் சுருக்கும்போது முதலில் மறைவது அப்புள்ளியே. 240 படவணு உயரமுள்ள எழுத்துப் படிமத்தை ‘ஜூம்’ மதிப்பு 0.2 எனக் கொண்டு இணைத்தால், அதன் உயரம் 48 அச்சுப்புள்ளி, அதாவது ஏறக்குறைய 17 மி.மீ. ஆகும். வரைபடத்தை அங்குலத்துக்கு 300 படவணுவாகச் சேமித்தால் எழுத்து 200 படவணு பெறும். 6 படவணு விட்டமுடைய மெய்ப்புள்ளி 5 படவணுவாக நிலைக்கும். இயல்பு அமைவான 100இல் சேமித்தால் எழுத்துக்குக் கிடைப்பது ஏறத்தாழ 67 படவணுவே. மெய்ப்புள்ளி இரண்டு படவணுவுக்கும் குறைந்து, கல்லின் பரப்போடு கலந்துவிடும். அவ்வரைபடத்தைக் காண்போர், புள்ளியில்லா வடிவம் என்றே முடிவு செய்வர்.

4. தமிழ்ப் பெயரீடுகள்

இந்நூலகத்தின் இயல்பு எழுத்துருவில் தமிழ் இல்லாமையால் அச்சுப் பெயர்கள் வெறுங்கட்டங்களாகத் தோன்றும். தமிழ் எழுத்துருவைச் சுட்டினாலும், சிக்கலான எழுத்துக்கோப்பைக் கையாளாத பதிப்புகளில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் மெய்க்குப் பின்னே விழும். அந்நிலையில் பெயரீட்டை வேறொரு செயலியில் எழுதி, பின்னணி ஒளிபுகும் படிமமாகச் சேமித்து, மேற்கூறிய இரண்டாம் முறையிலேயே இணைக்கலாம்.

முடிவுரை

படிமமே களமாகுமிடத்து இம்ஷோவும், படிமம் தரவுப்புள்ளியாகுமிடத்து அனோட்டேஷன் பிபாக்ஸும் பொருந்தும். திசை, ஒளி எல்லை, விகிதம், சுருக்க அளவு ஆகிய நான்கையும் வரைபடத்தின் அடிக்குறிப்பில் பதிவு செய்தால், பிறர் அதனை மீளச் சரிபார்க்க இயலும். மசிப்படியை வெளியிடுவோர் அளவுகோலை உடன் காட்டுவது எத்துணை இன்றியமையாததோ, அத்துணை இன்றியமையாதது இப்பதிவு.