நாலு பிள்ளைகள், ஒரு வேலை

சிகாகோவில் நான் வேலை பார்க்கும் கணக்குப் பிரிவில் ஒரு வேலையை நாலு பிள்ளைகள் பங்கிட்டுச் செய்கிறார்கள். திங்கள் முதல் வியாழன்வரை நாளுக்கு ஒருவர். வெள்ளிக்கிழமை முறை வைத்து வருவார்கள். எல்லாரும் கிறிஸ்டோ ரே இயேசு சபை உயர்நிலைப் பள்ளி மாணவர்கள். அலுவலக உடுப்பில், பள்ளி வேனில் வந்து இறங்குவார்கள். சின்னவனுக்கு 14 வயது.

மெக்சிகோவிலிருந்து வந்த உழைப்பாளிக் குடும்பங்கள் நிறைந்த பில்சன் பகுதியில் 1996இல் தொடங்கிய பள்ளி இது. பிள்ளைகளுக்கு நல்ல பள்ளிக்கூடம் வேண்டும் என்று அந்த மக்கள் கேட்டார்கள். கட்டணம் கட்டத்தான் வழியில்லை. பெரு நாட்டில் நெடுங்காலம் பணியாற்றித் திரும்பிய ஃபாதர் ஜான் ஃபோலியும் அவருடைய சபையினரும் திகைத்து நின்றபோது, ஒரு நிர்வாக ஆலோசகர் வழி சொன்னார்: முழுநேர வேலை ஒன்றை நான்கு மாணவர்கள் செய்யட்டும், கம்பெனி கொடுக்கும் பணம் அவர்கள் கட்டணத்துக்குப் போகட்டும்.

"படிக்கிற பிள்ளைங்களை வேலைக்கு அனுப்பி, சம்பளத்தைப் பள்ளிக்கூடமே வாங்கிக்கிறதா?" என்று என் அண்ணன் ஊரிலிருந்து போனில் கேட்டார். நியாயமான கேள்வி. ஒரு பிள்ளைக்கு மாதத்தில் ஐந்து நாள்தான் வேலை. அந்த நாள்களுக்கு ஈடாக மற்ற நாள்களில் பள்ளி நேரம் கூடுதல். அதனால் பாடம் விட்டுப்போவதில்லை. சேரும் முன்பே கோடையில் பயிற்சி உண்டு: கைகுலுக்குவது, போனில் பேசுவது, கோப்பு அடுக்குவது, எக்ஸெல்.

எங்களிடம் வந்த ஒரு பெண் ஆரம்பத்தில் எதைக் கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டினாள். இன்வாய்ஸ்களை எண்வாரியாகச் சரிபார்க்கச் சொல்லிக்கொடுத்தேன். ஒருநாள் இரண்டு தாள்களோடு என் மேசைக்கு வந்தாள். ஒரே பில்லுக்கு இரண்டாம் தடவையும் பணம் போக இருந்தது. அவள் சொன்னதால் செக்கை நிறுத்தினோம். அவள் வீட்டில் கல்லூரிக்குப் போனவர் யாரும் இல்லை. இப்போது அக்கவுண்டிங் படிப்பேன் என்கிறாள். தன் படிப்புக்குத் தானே சம்பாதிக்கிறோம் என்ற நிமிர்வு அவள் நடையிலேயே தெரிகிறது. எந்த உதவித்தொகையும் அதைக் கொடுத்திருக்காது.

இதே முறையில் அமெரிக்காவில் இன்று முப்பதுக்கும் மேற்பட்ட பள்ளிகள் நடக்கின்றன. நம்மவர்கள் நிறைய இருக்கும் ஹூஸ்டன், டாலஸ், அட்லாண்டா, சான் ஹோசேயிலும் உண்டு. அங்கே ஆள் எடுக்கும் பொறுப்பில் இருப்பவர்கள் பள்ளிக்கு ஒரு போன் போட்டு, உங்கள் கம்பெனி நாலு பிள்ளைகளை எடுத்துக்கொள்ள என்ன செய்யவேண்டும் என்று கேளுங்கள்.